கேனரி ஈச்சை என்று நம்பி 84,000 ரூபாய் கொடுத்து ஏமாந்தேன்: செட்டிநாட்டில் தோட்டம் அமைப்பவர்கள் கவனிக்கவும்

காரைக்குடிக்கு அருகில் உள்ள எங்கள் பூர்வீக வீட்டின் முகப்புக்கு எதிரே, அப்பச்சியின் (அப்பாவின்) அறுபதாம் வயதுச் சாந்திக் கல்யாணத்துக்குள் பக்கத்துக்கு மூன்றாக, அழகுக்காக வளர்க்கும் கேனரி ஈச்சை மரங்கள் ஆறை நட்டுவிட வேண்டும் என்று கடந்த தை மாதம் ஒரு பெரிய நாற்றுப் பண்ணைக்குப் போனேன். ஆளுயர மரம் ஒன்றுக்கு 14,000 வீதம் மொத்தம் 84,000 ரூபாயை ஒரே தடவையில் கொடுத்தேன். அந்த ஆறில் ஒன்றைக்கூடத் தூய இனம் என்று சொல்ல முடியாது என்பது நேற்று முன்தினம்தான் உறுதியாகத் தெரிந்தது. வயிற்றெரிச்சலோடுதான் இதை எழுதுகிறேன்.

பண்ணையின் மேலாளர் என்னைச் சற்றும் அவசரப்படுத்தவில்லை. மோர் கொடுத்து உட்காரவைத்துவிட்டு, வளாகத்தின் கோடியில் நின்ற ஒரு முதிர்ந்த மரத்தடிக்கு அழைத்துப் போனார். இரு கைகளுக்குள் அடங்காத பருமன், தலை நிறைய நெருக்கமான மட்டைகள், பளிச்சென்ற பச்சை, தூரில் ஒரு பக்கக்கன்றுகூட இல்லை. "ஆச்சி, இதுதான் தாய்மரம். இதோட கொட்டையில வந்ததுதான் உங்களுக்குத் தர்ற ஆறும். இதைவிடச் சுத்தமா எங்க கிடைக்கும்?" என்று அவர் மரத்தைத் தட்டிக்காட்டியபோது நான் முழுவதுமாக நம்பிவிட்டேன்.

அந்தத் தாய்மரம் அசல்தான். ஆனால் ஈச்சை வகைகளில் ஆண் மரம் வேறு, பெண் மரம் வேறு. அருகில் வேறு எந்த ஈச்சையின் ஆண் மரம் பாளை விட்டிருந்தாலும் அதன் மகரந்தம் காற்றிலோ பூச்சிகள் மூலமோ வந்து காய்பிடித்துவிடும் என்பதால், தாய் சுத்தமாக இருப்பதை மட்டும் வைத்து அதன் விதையும் சுத்தம் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. இந்த மரத்தின் தாயகமான கேனரித் தீவுகளிலேயே பேரீச்சையோடு கலந்து தூய இனம் குறைந்துவிடுமோ என்ற கவலை இருக்கிறது. இந்தப் பண்ணையிலோ, தாய்மரத்திலிருந்து நாற்பதடி தள்ளிப் பேரீச்சையும் நம் ஊர் ஈச்சையும் வரிசையாக நின்றன. நான் அவற்றைப் பார்த்தேன், எனக்கு உறைக்கவில்லை. மரம் விற்றே பிழைப்பவருக்கு அது தெரியாமல் இருந்திருக்க முடியாது.

ஆனி மாதத்தில் இடப்பக்கத்து முதல் மரத்தின் தூரில், செம்மண்ணைப் பிளந்துகொண்டு இரண்டு கன்றுகள் கிளம்பின. தோட்டக்கலைத் துறையில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற என் அம்மான் நேற்று முன்தினம் வந்து, மண்ணைக் கையால் விலக்கிப் பார்த்த உடனே முகம் மாறினார். கேனரி ஈச்சை தனி மரமாகவே வளரும். தூரில் கன்று விடுவது பேரீச்சையின் குணம். பிறகு ஒவ்வொரு மரத்திலும் ஒரு மட்டையை அறுத்து ஆறையும் திண்ணையில் வரிசையாகப் போட்டார். ஒன்று சாம்பல் பூத்த நீலப் பச்சை. இன்னொன்றில் ஓலைக் கீற்றுகள் ஒரே தளத்தில் அமையாமல், நம் ஊர் ஈச்சையைப் போலக் கொத்துக் கொத்தாகப் பல திசைகளில் நீட்டிக்கொண்டிருந்தன. மற்றவையும் ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை. கலப்பு விதையில் வந்தவை இப்படித்தான் ஆளுக்கொரு ஜாடையாக இருக்குமாம். முகப்பின் இருபுறமும் ஒரே சீராக நிற்க வேண்டும் என்பதற்காகத்தானே 84,000 ரூபாய் கொடுத்தேன்?

கன்று கிளம்பியதுமே பண்ணைக்குத் தொலைபேசியில் சொல்லியிருந்தேன். "தண்ணி மாறினா அப்படித்தான் ஆச்சி, வெட்டி விட்டுருங்க" என்றார் அதே மேலாளர். அடுத்த முறை, முதலாளி வெளியூரில் இருப்பதாகச் சொன்னார். நேற்று நேரிலேயே போய் மட்டைகளை மேசைமேல் வைத்தேன். அவற்றைத் தொட்டுக்கூடப் பார்க்காமல் ரசீதின் நகலை எடுத்து நீட்டினார். அதில் 'அலங்கார ஈச்சை – 6' என்று மட்டுமே இருந்தது. "கேனரின்னு எங்கயாவது எழுதியிருக்கா?" என்று கேட்டார். மோர் கொடுத்த அதே மனிதர்தான்! மாலையிலிருந்து என் அழைப்பை எடுப்பதே இல்லை.

வாங்கப் போகிறவர்களுக்கு விரிவாக எழுத நினைத்தேன், இப்போது முடியவில்லை. இனத்தின் தாவரவியல் பெயரை ரசீதில் எழுதி வாங்காமல் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். தாய்மரத்தைக் காட்டினால், சுற்றி என்னென்ன ஈச்சை நிற்கிறது என்று பாருங்கள். தூரைக் கிளறிப் பாருங்கள். கன்றோ வெட்டிய தழும்போ இருந்தால் அது தூய கேனரி அல்ல, கன்று இல்லை என்பதாலேயே தூயது என்றும் ஆகாது. சிறு நாற்றைக் காட்டி இனம் உறுதி என்பவரை நம்பாதீர்கள். பேரீச்சை வேண்டுவோர் விதைக்கன்றை விட்டுவிட்டு, பக்கக்கன்றோ திசு வளர்ப்புக் கன்றோ கேட்டு வாங்குங்கள்.

84,000 ரூபாயை நான் விடப்போவதில்லை. நுகர்வோர் ஆணையத்தில் 2 ஆண்டுகளுக்குள் புகார் கொடுக்கலாம், பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் புகார்க் கட்டணமும் கிடையாது. ஆறு மட்டைகளின் படங்களோடும் அந்த ரசீதோடும் நாளைக் காலை சிவகங்கையில் உள்ள மாவட்ட ஆணையத்துக்குப் போகிறேன்.