மாந்தோப்புத் தூளி: முதுகு வளையாமல் படுக்கச் செய்த மாற்றங்கள்

கிருஷ்ணகிரி மாவட்டம் காவேரிப்பட்டினம் பக்கம் எங்களுக்குக் கொஞ்சம் மாந்தோப்பு உண்டு. பெரும்பாலும் பெங்களூரா, நடுவில் நாலைந்து செந்தூரா. காய் முற்றத் தொடங்கியதிலிருந்து கூழ் ஆலைக்குக் கடைசி லோடு போகும் வரை ராத்திரியில் யாராவது தோப்பில் படுத்தாக வேண்டும். தரையில் பாய் விரிக்க எனக்கு மனசு வராது. கட்டுவிரியன் ராத்திரியில்தான் நடமாடும். தூங்குகிறவரைக் கடித்தால் பல சமயம் வலிகூடத் தெரியாது. கயிற்றுக் கட்டிலைத் தூக்கிக்கொண்டு தோப்பு முழுக்க அலையவும் முடியாது. அதனால் இரண்டு மரத்துக்கு நடுவே கட்டும் தூளி. நானே துணி எடுத்துத் தைத்தது. சில வருஷமாக அதில் படுத்து, அவ்வப்போது ஒன்றொன்றாக மாற்றி வந்ததில் எது உண்மையாகவே சுகம் தந்தது, எது வீண் வேலை என்பதை எழுதுகிறேன்.

ஆரம்பம் எல்லோருக்கும் போல சேலைதான். ஐந்தரை மீட்டர் சேலையை இரண்டாக மடித்தால் 9 அடி நீளம், 45 அங்குலப் பன்னா (அகலம்). மத்தியானம் அரை மணி சாய அது போதும். ராத்திரி முழுக்கப் படுத்தால் இரண்டு பக்கத் துணியும் தோளை நெருக்கும், முதுகு வில்லாக வளையும், விடிந்ததும் இடுப்பைப் பிடித்துக்கொண்டுதான் இறங்க வேண்டும். தூளி என்றாலே முதுகுவலி என்று சொல்கிறவர்கள் பெரும்பாலும் இந்த மாதிரிக் குட்டைத் தூளியில், நீளவாக்கில் படுத்தவர்கள்.

தூளியில் குறுக்காகப் படுக்க வேண்டும். தலையை நடுக்கோட்டுக்கு இடப்பக்கம், காலை வலப்பக்கம் தள்ளினால் உடம்பு துணியின் வளைவுக்குக் குறுக்கே வந்து ஏறக்குறைய சமமாகக் கிடக்கும். கேட்க ரொம்ப எளிது. ஆனால் அப்படிப் படுக்கத் துணி நீளமாகவும் அகலமாகவும் இருக்க வேண்டும். சேலையில் குறுக்கே திரும்பினால் கால் வெளியே போய்விடும்.

எனவே அடுத்தது பர்கூரில் எடுத்த பாராசூட் துணி, 60 அங்குலப் பன்னா. 4 மீட்டர் வாங்கினால் ஓரம் அடித்து, முனைகளை மடித்துச் சுருக்கியது போக 11 அடி தாராளமாகத் தேறும். நான் ஐந்தே முக்கால் அடி. எனக்கு அது சரியான அளவு. கடையில் துணியை வாயில் வைத்து ஊதிப் பாருங்கள். மூச்சு கொஞ்சமாவது அந்தப் பக்கம் போக வேண்டும். போகவில்லை என்றால் உள்பக்கம் பூச்சு கொடுத்த துணி. குடைக்கு நல்லது; மே மாதத்தில் அதில் படுத்தால் முதுகெல்லாம் வேர்வை. தைத்து முடித்ததும் நேராக ஏறிப் படுத்துவிடாதீர்கள். தரையிலிருந்து ஒரு ஜாண் உயரத்தில் கட்டி, 45 கிலோ யூரியா மூட்டை இரண்டைப் போட்டு ஒரு ராத்திரி விட்டேன். தையல் எங்கே பிரியப் பார்க்கிறது என்பது காலையில் தெரிந்துவிட்டது. அந்த இடத்தில் இன்னொரு தையல்.

இதுவரை செய்ததில் எதை விட்டாலும் விடாதது மேல்கயிறு. தூளியின் இரண்டு முனைகளையும் இணைத்து, படுத்திருப்பவரின் முகத்துக்கு மேலே போகும் நீளாத கயிறு அது. அதன் நீளம் தூளித் துணியின் நீளத்தில் 83 சதவீதம் என்பது பரவலாகப் பின்பற்றப்படும் கணக்கு. என் 11 அடிக்கு அது 9 அடி 1 அங்குலத்துக்குச் சற்று மேல் வருகிறது. இந்தக் கயிறு இருந்தால் மரங்கள் எவ்வளவு தள்ளி இருந்தாலும், தூளியை மரத்தோடு கட்டும் பெல்ட்டைக் கூட்டிக் குறைத்துக் கட்டினாலும், துணியின் தொய்வு மாறாது. நேற்று ஒரு மரத்தடியில் கிடைத்த அதே படுக்கை இன்று இன்னொரு மரத்தடியிலும் கிடைக்கும். படுத்தபடி கையை உயர்த்தி இரண்டு விரலால் கயிற்றை நெரித்துப் பாருங்கள். கொஞ்சம் வளைந்து கொடுத்தால் சரி. கம்பி மாதிரி விறைத்து நின்றால் பெல்ட்டை ரொம்ப இழுத்துக் கட்டியிருக்கிறீர்கள். கொசுவலை, டார்ச், செல்போன் பை எல்லாம் அதிலேயே தொங்கும் என்பது கொசுறு லாபம்.

இழுத்துக் கட்டுவது பற்றி ஒரு கணக்குச் சொல்லிவிடுகிறேன், இது பாதுகாப்பு விஷயம். 70 கிலோ ஆள் படுத்திருக்கும்போது பெல்ட் கிடைமட்டத்திலிருந்து 30 டிகிரி சாய்வில் இருந்தால் ஒவ்வொரு பக்கத்திலும் 70 கிலோ இழுவை. 15 டிகிரி என்றால் 135 கிலோ. துணி தொங்கக் கூடாது என்று முறுக்கி இழுத்து 5 டிகிரியில் கட்டினால் ஒரு பக்கத்துக்கு 400 கிலோ. தையல், கொக்கி, மரம் எல்லாமே அதைத் தாங்க வேண்டும். இறுக்கமாகக் கட்டினால் சமமாகப் படுக்கலாம் என்று நினைப்பது இயல்பு. நடப்பது அதற்கு நேர் எதிர். தொய்வு இருந்தால்தான் குறுக்கே திரும்பிப் படுக்க இடம் கிடைக்கும்.

நம்ம ஊர்த் தோப்பில் இந்த 30 டிகிரி அவ்வளவு சுலபமில்லை. பழைய தோப்புகளில் மரத்துக்கு மரம் 30 அடி. அந்தத் தூரத்துக்குச் சரியான சாய்வு வர வேண்டுமானால் பத்தடி உயரத்தில் கட்ட வேண்டும், அதாவது மாங்காய் பறிக்கிற ஏணி வேண்டும். 12 முதல் 15 அடி இடைவெளி கிடைத்தால் ஆள் உயரத்தில் கட்டினாலே போதும். நான் தோப்பு ஓரத்தில் அருகருகே நிற்கும் இரண்டு புளியமரத்தைப் பிடித்துக்கொண்டேன். மாமரம் என்றால் அடிமரத்தில் மட்டும் கட்டுங்கள்; கிளை சொல்லாமல் கொள்ளாமல் முறியும். வேலிக் கல்தூணில் கட்டவே கட்டாதீர்கள். கிருஷ்ணகிரியில் கல்லுக்குப் பஞ்சமில்லை, எங்கு பார்த்தாலும் தூண்தான். ஆனால் அது கம்பி தாங்க நட்டது, பக்கவாட்டில் ஒரு ஆளின் எடையை இழுக்க அல்ல. தென்னைக்கு அடியிலும் வேண்டாம், காரணம் சொல்லத் தேவையில்லை.

கட்டுவதற்கு நைலான் கயிறு வேண்டாம். எடை ஏறினால் நீளும், பனியில் நனைந்தால் இன்னும் நீளும், மரப்பட்டையையும் நசுக்கும். நெடுஞ்சாலையோர லாரி சாமான் கடையில் லோடு கட்டும் இரண்டங்குல பாலியஸ்டர் பெல்ட் கிடைக்கிறது. அது நீளாது, பட்டையும் அறுபடாது.

அடுத்து கால் பக்கம். இரண்டு முனையும் ஒரே உயரத்தில் இருந்தால் உடம்பின் கனமான மேல்பகுதி நடுவுக்கு வழுக்கி, ராத்திரி முழுக்கக் கால் பக்கமாக இறங்கிக்கொண்டே இருப்பீர்கள். கால் முனையை ஆறிலிருந்து எட்டு அங்குலம் உயர்த்திக் கட்டினால் அது நின்றுவிடும். காசே செலவில்லாத மாற்றம். இதை முதலில் செய்துவிட்டு அப்புறம் மற்றதைப் பாருங்கள்.

இனி கெண்டைக்கால் தொல்லை. குறுக்காகப் படுக்கும்போது துணியின் நடுக்கோடு விறைத்து ஒரு வரப்பாக எழும்பி, சரியாகக் கெண்டைக்காலுக்கு அடியில் வரும். முழங்கால் பின்பக்கமாக நீட்டப்பட்டு விடிய விடிய குடைச்சல். 9 அடித் தூளியில் இது தாங்க முடியாது. 11 அடியில் பாதி குறைந்தது. மீதியையும் ஒழிக்க, பாதம் வரும் இடத்தில் துணியைக் குழிவாக்கலாம் என்று தையல்காரரிடம் போனேன். "அண்ணா, இந்த ஓரத்துல கால் உள்ள போற மாதிரி ஒரு குழி வேணும்" என்றதும் துணியைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "ஜாக்கெட்டுக்குப் பிடிக்கிற டார்ட்டுதானே தம்பி, வெச்சுட்டுப் போ" என்றார். இரண்டு டார்ட், அதாவது துணியைக் கூம்பாக மடித்துப் பிடிக்கும் தையல். கால் உண்மையிலேயே சுகமாக உட்கார்ந்தது. ஆனால் அதன் பிறகு அந்தப் பக்கம் மட்டும்தான் கால் நீட்ட முடியும். தலையை மாற்றி வலப்பக்கம் படுக்க வழியில்லை. ஒரு பருவம் முடிவதற்குள் டார்ட் முனையில் ஊசி ஓட்டைகள் அரிசி அளவுக்கு விரிந்துவிட்டன. எடை தாங்கும் துணியில் குறுக்குத் தையல் விழுந்தால் அப்படித்தான் ஆகும். என் தீர்ப்பு: டார்ட் வேண்டாம். முழங்காலுக்கு அடியில் ஒரு துண்டைச் சுருட்டி வைத்தால் அதே பலன்.

பக்கத்துணி முகத்தில் வந்து விழுவதற்குச் செய்தது சின்ன வேலை. தலைக்கு எதிர்ப்பக்க ஓரத்தில் தொங்கும் உபரித் துணி காற்றில் அடித்துக்கொள்ளும். ஓர மடிப்புக்குள் ஒரு மெல்லிய எலாஸ்டிக் கயிற்றை விட்டு லேசாகச் சுருக்கினேன். பார்வை திறந்தது, தோப்பில் யார் வருகிறார்கள் என்று படுத்தபடியே தெரிகிறது. காவலுக்கு அதுதானே முக்கியம். எலாஸ்டிக்கை மட்டும் அடிக்கடி மாற்ற வேண்டியிருக்கிறது, வெயிலில் உளுத்துவிடுகிறது. ரொம்ப இறுக்கினால் ஓரம் இரண்டும் முகத்தை மூடிக்கொள்ளும், கவனம்.

பூ எடுக்கும் தை, மாசியிலும் சில நாள் படுப்பதுண்டு. அப்போது இரண்டு பிரச்சினை. ஒன்று, மாம்பூவில் சாறு உறிஞ்சும் தத்துப்பூச்சி கழிக்கும் பிசுபிசுப்பு துணி முழுக்க ஒட்டும். துவைக்காமல் மடித்து வைத்தால் கரும்பூசணம் பிடிக்கும். இரண்டாவது குளிர். மேலே எத்தனை போர்த்தினாலும் அடியில் காற்று அள்ளிக்கொண்டு போகும். உடம்புக்குக் கீழே போடும் மெத்தை எடையில் நசுங்கிச் சூட்டைப் பிடித்து வைக்காது. கம்பளியைத் தூளிக்கு வெளியே, அடியில், துணியை ஒட்டித் தொங்க விட்டேன். நசுங்காத கம்பளி நன்றாகவே காக்கிறது. முசுறு எறும்புக்கு பெல்ட்டின் இரு முனையிலும் மண்ணெண்ணெய்த் துணி சுற்றுவேன், விடியும் வரை தாங்குகிறது.

தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டிப் பக்கக் காட்டோரத்தில் கட்டலாமா என்று நண்பர்கள் கேட்கிறார்கள். வேண்டாம். அது யானை நடமாடும் இடம். காட்டுக்குள் போக வனத்துறை அனுமதியும் வேண்டும்.

துணி நைலான் என்பதால் வெயில்தான் எதிரி. பகலில் கழற்றிப் பையில் போட்டுவிடுவேன். இதுவரை துணியில் கிழிசல் இல்லை. பெல்ட் ஒரு முறை மாற்றியாயிற்று, கொக்கி உராயும் இடத்தில் நூல் எழும்பியிருந்தது.

எங்கள் மாமா உயரம் குறைவு. என் தூளியில் படுத்துவிட்டு, "இதுல நான் தொலைஞ்சு போயிருவேன், மாப்ள" என்கிறார். அவருக்கு 10 அடி போதும், மேல்கயிறு 8 அடி 3 அங்குலம் வெட்டி வைத்துவிட்டேன். துணியும் எடுத்தாயிற்று. தையல்காரர்தான் தீபாவளி உருப்படியெல்லாம் முடியட்டும் என்கிறார்.