மதுரையில் ஒரு கற்றல் ஆதரவு மையம்: பத்து மாதங்களில் கண்டது

தல்லாகுளத்தை அடுத்த ஒரு தெருவில், இரண்டாம் மாடியில் இயங்கும் தனியார் கற்றல் ஆதரவு மையம் ஒன்றுக்குக் கடந்த ஆகஸ்டு முதல் மே வரை என் மகனை வாரம் இரண்டு நாள் அழைத்துச் சென்றேன். மையத்தின் பெயரை எழுதவில்லை. எழுதினால் பையன் யாரென்று திருமங்கலத்தில் எங்கள் தெருவே கண்டுபிடித்துவிடும் என்பது ஒரு காரணம். சில குறைகளையும் சொல்லப் போகிறேன் என்பது இன்னொரு காரணம். இப்படிப்பட்ட மையத்தைத் தேடும் பெற்றோருக்கு எதைக் கேட்டுச் சேர்க்க வேண்டும் என்று தெரிந்தால் போதும்.

மகன் ஓர் உதவி பெறும் பள்ளியில் தமிழ்வழியில் நான்காம் வகுப்புப் படித்தான். வாயால் கேட்டால் பாடம் முழுவதையும் ஒப்பிப்பான். எழுதச் சொன்னால் நான்கு வரிக்கு மேல் நகராது. திங்கட்கிழமை தோறும் காலையில் வயிற்றுவலி வரும். மருத்துவரிடம் காட்டினோம், குடற்புழு மாத்திரை கொடுத்தோம், வேண்டுதலும் வைத்தோம். வகுப்பில் எழுந்து நின்று வாய்விட்டுப் படிக்கும் பாடவேளை திங்கட்கிழமை முதல் மணி என்பதை நாங்கள் கவனிக்கவே பல மாதங்கள் ஆயின.

மையத்தில் முதலில் கண்ணையும் காதையும் சோதித்துக்கொண்டு வரச் சொன்னார்கள். மதுரைக்காரர்களுக்குக் கண் என்றால் அரவிந்த். அங்கே குறை எதுவும் இல்லை என்றார்கள். அதன் பிறகே மதிப்பீடு. இரண்டு நாள், இரண்டிரண்டு மணி நேரம், நுண்ணறிவுச் சோதனையும் பெங்களூரிலுள்ள தேசிய மனநல நிறுவனமான நிம்ஹான்ஸ் உருவாக்கிய கற்றல் குறைபாட்டுச் சோதனைகளும் நடத்தினார்கள். கட்டணம் 3,500 ரூபாய். முடிவு, டிஸ்லெக்சியா என்று பரவலாக அழைக்கப்படும் வாசிப்புக் குறைபாடு. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016 பட்டியலிடும் 21 வகைகளில் குறிப்பிட்ட கற்றல் குறைபாடும் ஒன்று என்பதையும், மையத்தின் அறிக்கை அரசுச் சான்றிதழ் ஆகாது, அதற்கு அரசு மருத்துவக் குழுவிடம்தான் செல்ல வேண்டும் என்பதையும் அவர்களே தெளிவாகச் சொன்னார்கள். பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் கூடுதலாக ஒரு மணி நேரம், சொல்வதை எழுதுபவர், மொழிப்பாட விலக்கு போன்ற சலுகைகள் வேண்டுமானால் அந்தச் சான்றும் பள்ளி வழியான விண்ணப்பமும் தேவை. இதை மறைத்துத் தங்கள் அறிக்கையே போதும் என்று சொல்லாததால்தான் எனக்கு அவர்கள் மேல் முதல் நம்பிக்கை பிறந்தது.

அடுத்து நடந்தது என் பொறுமையைச் சோதித்தது. முதல் ஐந்து வகுப்புகளில் ஓர் எழுத்துகூடச் சொல்லித்தரவில்லை. பையன் அவனுக்கென்று மையம் ஒதுக்கிய சிறப்பாசிரியைக்குச் சாட்டை சுற்றிப் பம்பரம் விடக் கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தான். 45 நிமிடத்துக்கு 400 ரூபாய் கொடுத்துப் பம்பரமா என்று கேட்டேவிட்டேன். "சார், இரண்டு வருடமாக இவன் வாயைத் திறந்தபோதெல்லாம் வகுப்பு சிரித்திருக்கிறது. தனக்கும் ஒன்று தெரியும், அதை ஒரு டீச்சருக்கே சொல்லித்தர முடியும் என்று அவனுக்குத் தோன்றட்டும், பிறகு புத்தகத்தை எடுக்கிறேன்" என்றார். ஆறாவது வகுப்பில் புத்தகத்தை எடுத்தார். பையனும் மறுப்புச் சொல்லாமல் உட்கார்ந்தான்.

தமிழ் எழுத்தை அவர் கையாண்ட விதத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனெனில் நான் விசாரித்த வேறு இரண்டு இடங்களில் ஆங்கிலத்துக்கென்று தயாரித்த பயிற்சித்தாள்களை நகலெடுத்தே வைத்திருந்தார்கள். தமிழில் சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. 'கெ' என்று எழுதும்போது கொம்பு முதலில் வருகிறது, ஆனால் அதன் ஒலி க் என்ற மெய்க்குப் பின்னால் வருகிறது. 'கொ' என்றால் ஒரே உயிர் ஒலி மெய்யின் இரு பக்கமும் பிரிந்து நிற்கிறது. 'கௌ' என்பதிலோ பின்னால் நிற்பது குறியா, ளகரமா என்பது பெரியவர்களுக்கே குழப்பம். கெளதாரி என்று எழுதிய பலகைகளை நான் பார்த்திருக்கிறேன். அவர் மெய்யெழுத்துகளைத் தடித்த அட்டையிலும், ஒற்றைக்கொம்பு, இரட்டைக்கொம்பு, இணைக்கொம்பு, துணைக்கால் ஆகியவற்றைக் கண்ணாடித்தாளிலும் வரைந்து வைத்திருந்தார். பையன் வாயால் ஒலியைச் சொல்லிக்கொண்டே கையால் கொம்பை எடுத்து இடப்பக்கம் வைக்க வேண்டும். சொல்லுக்கும் கைக்கும் இடையில் அவன் ஒரு கணம் நின்று யோசிப்பதை நான் கதவோரம் நின்று பார்த்திருக்கிறேன்.

அவன் செய்த பிழைகளையும் அவர் இரண்டாகப் பிரித்தார். வாழைப்பழத்தை 'வாளைப்பளம்' என்று எழுதியதை அவர் குறைபாட்டுக் கணக்கில் சேர்க்கவில்லை. எங்கள் வீட்டில் எல்லோரும் அப்படித்தான் பேசுகிறோம். பையன் காதில் விழுந்ததைச் சரியாகவே எழுதியிருக்கிறான். 'தேடு' என்பதைத் 'தோடு' என்று எழுதியதும், 'படம்' என்பதைப் 'பமட்' என்று எழுதியதும்தான் அவர் கவனித்த பிழைகள். பள்ளியில் இவை அனைத்துக்கும் ஒரே சிவப்பு வட்டம் போட்டிருந்தார்கள். மற்றொன்று, வீட்டில் சொல்லிக்கொடுத்தவர் என் அப்பா. கீழமாசி வீதியில் கணக்கு எழுதிய அவருடைய கை, 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய, யானைத் துதிக்கை போல் வளையும் 'லை'யை இன்னும் விடவில்லை. பாடநூலில் ஒரு 'லை', தாத்தாவின் நோட்டில் வேறொரு 'லை'. அப்பாவை ஓர் ஆண்டுக்குக் கதை சொல்வதோடு நிறுத்திக்கொள்ளச் சொன்னார்கள், அவருக்கு வருத்தம்தான்.

இவ்வளவும் மாடி அறைக்குள் நடந்தவை. நான் கொடுத்த பணத்துக்கு உண்மையான மதிப்பு, சிறப்பாசிரியை பள்ளிக்கே வந்து வகுப்பாசிரியையைச் சந்தித்ததில் இருந்தது. மூன்று முறை வந்தார். முன்னறிவிப்பின்றி வாய்விட்டுப் படிக்கச் சொல்ல வேண்டாம், படிக்க வேண்டிய பத்தியை முந்தைய நாளே காட்டிவிடலாம், அறிவியலிலும் சமூக அறிவியலிலும் எழுத்துப்பிழைக்கு மதிப்பெண் குறைக்க வேண்டாம், கரும்பலகையில் இருப்பதை முழுவதும் எழுதச் சொல்வதற்குப் பதிலாகப் பாதியை அச்சிட்டுத் தரலாம் என்று ஒரே தாளில் எழுதிக் கொடுத்தார். நாற்பது பிள்ளைகளை வைத்திருக்கும் வகுப்பாசிரியை, "இவனுக்கு மட்டும் சலுகை என்றால் மற்ற பிள்ளைகள் கேட்க மாட்டார்களா?" என்று கேட்டதில் நியாயம் இருந்தது. "குட்டையான பிள்ளைகளை முன் பெஞ்சில் உட்காரவைக்கிறீர்களே டீச்சர், யாராவது கேட்டார்களா?" என்றார் இவர். மனம் கலங்கும்போது மேசையில் ஒரு மஞ்சள் அட்டையை வைத்துவிட்டு வெளியே போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வரலாம் என்ற ஏற்பாடும் அப்போதுதான் வந்தது. பையன் முதல் மாதம் பலமுறை போனான், பிறகு அரிதாகிவிட்டது. இப்போது அந்த அட்டை வகுப்பில் எல்லோருக்கும் பொது.

குறைகளுக்கு வருகிறேன். மதிப்பீட்டு அறிக்கை பதினான்கு பக்கம், முழுவதும் ஆங்கிலம். தமிழ்வழிப் பள்ளியின் ஆசிரியை அதைப் புரட்டிக்கூடப் பார்க்கவில்லை. தமிழில் சுருக்கம் கேட்டுப் பெற மூன்று வாரம் ஆனது. உளவியல் ஆலோசகர் மாதத்துக்கு ஒரு சனிக்கிழமை மட்டுமே வருகிறார். பிள்ளைகளின் மனநிலையும் படிப்பும் ஒன்றோடொன்று பின்னியவை என்று சுவரில் எழுதிவைத்திருக்கும் இடத்துக்கு இது போதாது. மின்தூக்கி இல்லாத இரண்டாம் மாடியைத் தேர்ந்தெடுத்தவர்கள், காலைத் தாங்கும் காலிப்பர் கருவி அணிந்த மகளைத் தூக்கிக்கொண்டு ஏறும் அந்தத் தாயை ஒரு நாளாவது பார்த்திருக்க வேண்டும். மூன்று மாதக் கட்டணத்தை முன்பணமாக வாங்குகிறார்கள். சித்திரைத் திருவிழாவில் கள்ளழகரை எதிர்கொண்டு வரவேற்கும் எதிர்சேவையன்று தல்லாகுளம் பக்கம் பேருந்தே வர வழியில்லை என்று தெரிந்தும் அந்த வகுப்பை நடந்ததாகவே கணக்கில் எழுதினார்கள்.

இவ்வளவு செலவு செய்ய இயலாதவர்கள், ஏன், இயன்றவர்களும் முதலில் தங்கள் பகுதியில் பள்ளிக் கல்விக்கென அரசு நடத்தும் வட்டார வள மையத்தில் விசாரிக்கலாம். ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தின் கீழ் அங்கே சிறப்புப் பயிற்றுநர்கள் இருக்கிறார்கள்; மருத்துவ மதிப்பீட்டு முகாம்களும் கட்டணமின்றி நடத்தப்படுகின்றன. ஒரே பயிற்றுநர் பல பள்ளிகளுக்கு அலைவதால் வாரம் இருமுறை என்பது அங்கே கிடைக்காது. எங்களுக்கு அப்படி ஒன்று இருப்பதே டிசம்பரில்தான் தெரிந்தது.

பையன் இன்னும் மெதுவாகத்தான் படிக்கிறான். ஆண்டுத் தேர்வில் தமிழில் 51 வாங்கினான். முந்தைய ஆண்டு 23. திங்கட்கிழமை வயிற்றுவலி ஜனவரிக்குப் பின் வரவில்லை. ஐந்தாம் வகுப்புக்கும் இதே மையத்தைத் தொடர்கிறோம், வாரம் ஒரு நாளாகக் குறைத்துக்கொண்டு. சேர்க்க நினைப்பவர்கள் மார்ச் மாதமே பெயரைப் பதிந்துவிடுவது நல்லது. ஜூனில் போய்க் கேட்டு நாங்கள் இரண்டு மாதம் காத்திருந்தோம். பணம் கட்டும் முன், பள்ளிக்கு எத்தனை முறை நேரில் வருவீர்கள் என்று கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.