இரண்டு வருடமாக என் ரோவரின் அலுமினியம் ஃபிரேம்

சித்தப்பா மகன் காலேஜ் ப்ராஜெக்ட்டுக்கு ரோபோ செய்கிறான். "ஃபிரேமுக்கு அக்ரிலிக்கா, புரொஃபைலா அண்ணா?" என்று கேட்டான். போனில் சொல்லி முடியவில்லை, எழுதிவிடுகிறேன்.

என்னுடையது நாலு சக்கர ரோவர். 2020 அலுமினியம் புரொஃபைல் (20 மி.மீ. சதுரக் கம்பி, நாலு பக்கமும் நீளவாக்கில் காடி ஓடும்), மூலைக்கு மூலை எல்-பிராக்கெட், எம்5 போல்ட். அதற்கு முன் 3 மி.மீ. அக்ரிலிக்கில் செய்தது மோட்டார் துளைகளைச் சுற்றி விரிசல் விட்டு ஆறே மாதத்தில் போய்விட்டது. பிஎல்ஏ என்ற பிளாஸ்டிக்கில் 3டி பிரின்ட் எடுத்த மோட்டார் பிடிகளை ஒரு மே மாத மதியம் காரில் வைத்துவிட்டுப் போனேன்; வளைந்துவிட்டன. 60 டிகிரியை நெருங்கினாலே பிஎல்ஏ இளகிவிடும்.

இதையெல்லாம் பட்டவனுக்குப் புரொஃபைல் பெரிய நிம்மதி. ஒருமுறை பின்பாரம் அதிகமாகி, சரிவில் ஏறும்போது முன்சக்கரம் தூக்கியது. நாலு போல்டைத் தளர்த்தி, பேட்டரித் தட்டை 4 செ.மீ. முன்னே தள்ளி இறுக்கினேன். பத்து நிமிட வேலை, புதிதாக ஒரு துளைகூடப் போடவில்லை. அன்றைய சந்தோஷம் இன்னும் மறக்கவில்லை.

ஆனால் காடிக்குள் உட்கார்ந்து போல்டைப் பிடிக்கும் இந்த டி-நட்! போன வருடம் ரோவரின் வரைபடத்தில், வெறும் தரையில், 4 மீட்டர் தூரத்தில் ஒரு சுவர் முளைத்தது. மூன்று வாரம் ராத்திரி ராத்திரியாகப் புரோகிராமைப் புரட்டினேன். கடைசியில் பார்த்தால் லைடார் (லேசர் கதிரால் தூரம் அளக்கும் சென்சார்) நிற்கும் கம்பத்தின் அடி பிராக்கெட் அசைந்து 3 டிகிரி முன்னே சாய்ந்திருக்கிறது. 20 செ.மீ. உயரத்தில் இருக்கும் லைடார் அவ்வளவு சாய்ந்தால், கதிர் 4 மீட்டருக்குள் தரையைத் தொட்டுவிடும். அந்தத் தரைதான் சுவராகப் பதிவாகியிருக்கிறது.

டி-நட் காடிக்குள் உராய்வில் மட்டுமே நிற்கிறது. பேட்டரியை நகர்த்த விட்டதும் அதுதான், லைடாரைச் சாய விட்டதும் அதுதான். போல்டும் 8 மி.மீ. குட்டை, இறுக்கினாலும் இழுபட நீளம் கிடையாது. மோட்டார் அதிர்வில் இறுக்கிய பாகங்கள் கொஞ்சம் அழுந்திப் படிந்தாலே பிடி போய்விடும். போல்ட் மரையில் விடும் பசையான த்ரெட் லாக்கரில் நடுத்தர வலுவுள்ளதைப் போட்டேன், பரவாயில்லை. அது சிந்தி, லைடாருக்கு அடியில் இருந்த அக்ரிலிக் தட்டு விரிசல் விட்டது தனிக்கதை. அப்புறம், நடுவில் ஒரு பிராக்கெட் சேர்க்க வேண்டுமென்றால் நட்டை முனையிலிருந்துதான் நுழைக்க வேண்டும், அதற்கு மூலையையே பிரிக்க வேண்டும். மேலிருந்தே போடும் சுத்தியல் நட் வாங்கிப் பார்த்தேன். பாதி நேரம் காடிக்குள் திரும்பாமல் போல்டோடு கழன்று வந்தது.

சரி, தம்பிக்கு என் பதில்: புரொஃபைல் வேண்டாம். என் அடுத்த ரோபோவுக்கு 2 மி.மீ. அலுமினியத் தகட்டை லேசர் கட்டிங்குக்கும் பென்டிங்குக்கும் கொடுத்துவிட்டேன். துளை வழியே போல்ட், பின்னால் நைலாக் நட் (உள்ளே நைலான் வளையம் இருப்பதால் அதிர்வில் எளிதில் தளராது). அதில் பேட்டரியை நகர்த்த முடியாது, தெரியும்.

இல்லை, புரொஃபைலே போதும் என்றால், ஒவ்வொரு போல்ட் தலையிலிருந்தும் பிராக்கெட் வரை நெயில் பாலிஷில் ஒரு கோடு போட்டுவை. போன ஞாயிற்றுக்கிழமை என்னுடையதைப் பார்த்தேன். ஐந்து போல்டில் கோடு விலகியிருந்தது.