ஏ.என்.ஏ. சோதனை எடுத்தவர்கள் பில்லையும் ரிப்போர்ட்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்

தங்கைக்கு நான்கு மாதமாக மூட்டுவலி, சோர்வு. சீப்பை எடுத்தால் கொத்தாக முடி. ரங்கூனில் ஒரு தனியார் ஆய்வகத்துக்கு, அங்கேயே உட்கார்ந்து பார்க்கும் மருத்துவரிடம், அழைத்துப் போனேன். ஆறு சோதனைக்குப் பணம் கட்டினோம். அதில் ஒன்று ஏ.என்.ஏ.: உடல் தன் செல்கருவையே எதிர்த்து உண்டாக்கும் எதிர்ப்பான்கள் இரத்தத்தில் இருக்கின்றனவா என்று பார்ப்பது.

மூன்றாம் நாள் கைக்கு வந்தது ஒரு துண்டுத்தாள். ‘ஏ.என்.ஏ. பாசிட்டிவ்’ என்ற முத்திரை, அவ்வளவுதான். மருத்துவர் அவள் கன்னத்துத் தனக்காவை, இங்கே முகத்தில் பூசும் மரப்பட்டைச் சாந்தை, பஞ்சால் அழுத்தித் துடைத்தார். சிவந்திருந்தது. “வண்ணத்துப்பூச்சித் தடிப்பு. லூபஸ்தான்” என்றார். உடலின் எதிர்ப்புச் சக்தி தன் உறுப்புகளையே தாக்கும் நோய் அது. அப்படித் தேய்த்தால் என் கன்னமும்தான் சிவக்கும்! அன்றைக்கு அது தோன்றவில்லை; அவள் அழுதுகொண்டிருந்தாள்.

ஸ்டீராய்டு தொடங்கியது. ‘நோய் குறைகிறதா பார்ப்போம்’ என்று மாதாமாதம் அதே ஏ.என்.ஏ., அதே பணம். மூன்று மாதத்தில் முகம் பூசணிக்காயாக ஊதியது. சோர்வு அப்படியே இருந்தது.

பிறகு பார்த்த பர்மிய மருத்துவரம்மா கேட்ட முதல் கேள்வி: “எத்தனையில் பாசிட்டிவ்?” விழித்தோம். ஆய்வகத்தில் சண்டை போட்டு முழு ரிப்போர்ட்டை வாங்கினால், 1:80. இரத்தத்தின் தெளிநீரை எண்பது மடங்கு நீர்க்கச் செய்த பிறகும், சோதனைச் செல்கள் மீது எதிர்ப்பான் ஒட்டியதைக் காட்டும் ஒளிர்வு தெரிகிறது என்று பொருள். அந்த அளவில், நோயே இல்லாதவர்களிலும் நூற்றுக்குச் சுமார் 13 பேருக்குப் பாசிட்டிவ் வருமாம். லூபஸுக்கான 2019ஆம் ஆண்டின் சர்வதேச வரையறையில் 1:80 வெறும் வாசற்படி. மற்ற அறிகுறிகளுக்கு மதிப்பெண் கூட்டிய பிறகே உள்ளே போக முடியும். நோயின் போக்கை அறியவும் ஏ.என்.ஏ.வைத் திரும்பத் திரும்ப எடுப்பதில் பயனில்லை.

லூபஸை நெருங்கிக் காட்டுபவை டி.எஸ்.டி.என்.ஏ., எஸ்.எம். எதிர்ப்பான்கள். பில்லில் இரண்டுக்கும் பணம் போட்டிருந்தார்கள். ரிப்போர்ட்டில் இரண்டுமே இல்லை. “இரத்தம் போதவில்லை” என்றார் கவுன்ட்டரில் இருந்தவர். நான்கு குழாய் எடுத்தார்கள். பக்கத்தில் நின்று எண்ணியவன் நான்.

கடைசியில் வந்தது ஹாஷிமோட்டோ. தைராய்டைத் தன் உடலே தாக்கும் நோய். தைராய்டை வேலை செய்யத் தூண்டும் டி.எஸ்.எச். ஹார்மோன் ஏறியிருந்தது, தைராய்டைத் தாக்கும் டி.பி.ஓ. எதிர்ப்பானும் மிக அதிகம். இந்த நோயிலும் ஏ.என்.ஏ. பாசிட்டிவ் வருவது வழக்கம்தானாம். இப்போது காலையில் வெறும் வயிற்றில் தைராக்ஸின். ஸ்டீராய்டை மட்டும் கோபத்தில் தூக்கி எறிந்துவிடாதீர்கள். உடலுக்கு வேண்டிய ஸ்டீராய்டைத் தானே சுரக்கும் அட்ரினல் சுரப்பி அயர்ந்து போயிருக்கும். தங்கைக்கு வாரக்கணக்கில் சிறுகச் சிறுகக் குறைத்துத்தான் நிறுத்தினார்கள்.

செய்யாத இரண்டு சோதனைக்குப் பணத்தைத் திருப்பித் தருவதாக ஆய்வகம் சொல்லி ஐந்து வாரம் ஆகிறது. அசல் பில்லைக் கொண்டுவரச் சொல்கிறார்கள். நகல்தான் கொண்டுபோகப் போகிறேன்.