ஒழுகும் கீசர்: ரிப்பேரா, புதுசா?

கீசர் ஒழுகினால் முதலில் சுவிட்சை அணையுங்கள், அப்புறம் தண்ணீர் வால்வை மூடுங்கள். ரிப்பேரா புதுசா என்பது, தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்பதைப் பொறுத்தது.

இணைப்புக் குழாயில் சொட்டினால் புதுசு வாங்குவது வீண் செலவு. டெஃப்லான் டேப் சுற்றினாலோ குழாயை மாற்றினாலோ போதும். அடியில், எலிமென்ட் (தண்ணீரைச் சூடாக்கும் கம்பி) பொருத்திய இடத்தில் கசிந்தால் பெரும்பாலும் கசிவைத் தடுக்கும் ரப்பர் கேஸ்கெட்தான் போயிருக்கும். அதைக் கழற்றும்போதே உப்பைச் சுரண்டி, மெக்னீசியம் ஆனோடு கம்பியையும் பார்க்கச் சொல்லுங்கள். டாங்கிக்குப் பதிலாக அரிபடுவதற்கென்றே வைத்த கம்பி அது. உப்புத்தன்மையுள்ள போர் தண்ணீரில் சீக்கிரம் கரைந்துவிடும். யாரும் திறந்து பார்ப்பதில்லை என்பது வேறு கதை.

சூடாகும்போது மட்டும் பாதுகாப்பு வால்வு சில சொட்டு விட்டால் அது பழுதே இல்லை, அழுத்தத்தை வெளியேற்றுகிறது. அதை அடைத்துவிடாதீர்கள், டாங்கி வெடிக்கலாம்.

துருநிறத் தண்ணீர் கீசரின் உடம்பிலிருந்தே கசிந்தால் டாங்கி ஓட்டை. வெல்டிங் வைத்துத் தருகிறேன் என்பார்கள். உள்ளே கண்ணாடிப் பூச்சு இருந்தால் அந்தச் சூடே பூச்சைக் கெடுக்கும், பக்கத்திலேயே அடுத்த ஓட்டை விழும். இங்கே புதுசுதான் சரி. வாங்கும்போது டாங்கிக்கும் எலிமென்ட்டுக்கும் வாரண்டி தனித்தனியாக எத்தனை வருஷம் என்று கேளுங்கள்.