4ஜி-யா, 5ஜி-யா: கல்மண்டபம் டீக்கடையில் பெங்களூர் ரேஸ்

ராயபுரம் கல்மண்டபம் பக்கம் ஒரு டீக்கடை. ஒரே குதிரை ரேஸ், இரண்டு போன். கடைசி வளைவில் என் 4ஜி போனில் படம் அப்படியே நின்றது. வட்டம் சுற்றி முடிப்பதற்குள் பக்கத்து 5ஜி-க்காரர் "போச்சுடா!" என்று கிளாஸை வைத்துவிட்டார். 1200 மீட்டர் ஓட்டமே ஒண்ணேகால் நிமிஷம்தான். அதில் பத்து விநாடி போனால் என்ன மிச்சம்?

படத்துக்கு 5ஜி-தான், சந்தேகமில்லை. ஜாக்கியின் சட்டை நிறத்தை வைத்துத்தானே குதிரையைக் கண்டுபிடிக்கிறோம்! 4ஜி திணறும்போது எல்லாச் சட்டையும் ஒரே கலங்கல்.

ஆனால் 5ஜி-யிலும் அது முழு நேரலை இல்லை. வீடியோவைச் சில விநாடித் துண்டுகளாக வெட்டி அனுப்புகிறார்கள். இரண்டு மூன்று துண்டு சேர்ந்த பிறகுதான் படம் ஓடும். அந்தத் தாமதம் டவரால் வருவதல்ல.

பணம் கட்டுவதில்? டோட்டில் (எல்லார் பணத்தையும் ஒன்றாகச் சேர்த்து ஜெயித்தவர்களுக்குப் பங்கிடும் பந்தய முறை) குதிரைகள் கிளம்பியதும் கவுண்டர் மூடிவிடும். அதுவரை மாறும் விலை, அதாவது குதிரை ஜெயித்தால் கட்டிய பணத்துக்கு எவ்வளவு கிடைக்கும் என்பது, 5ஜி-யில் கொஞ்சம் சீக்கிரம் தெரியும், அவ்வளவுதான். ஓட்டத்தின் நடுவிலும் பந்தயம் கட்டும் பிரிட்டன் மாதிரி இடங்களில்தான் ஒவ்வொரு விநாடியும் காசு. அங்கேயும் மைதானத்தில் நிற்பவர் 5ஜி-க்காரருக்கு முன்னாலேயே பார்த்துவிடுகிறார்.