பொய்ப் புகாரில் எனக்காக வாதாடிய வழக்கறிஞர் அலுவலகம்: ஒரு கட்சிக்காரரின் மதிப்பீடு

நான் பணிபுரிந்த இடத்தின் பணப்பெட்டியிலிருந்து தொகையைத் திருடியதாக என்மீது புகார் எழுந்து, அது வழக்காகி, பதினாறு மாதங்களுக்குப் பின் விடுதலையில் முடிந்தது. அந்தக் காலம் முழுவதும் ஒரு குற்றவியல் வழக்கறிஞர் அலுவலகத்தின் சேவையைப் பயன்படுத்திய அனுபவத்தை இங்கே எழுதுகிறேன். ஜெயித்த வழக்கின் வக்கீல் எல்லோருமே கெட்டிக்காரராகத்தான் தெரிவார் என்பதால், தீர்ப்பை ஒதுக்கிவைத்துவிட்டு அவர்கள் செய்த வேலையை மட்டும் எடைபோட முயன்றிருக்கிறேன். அலுவலகத்தின் பெயரைக் குறிப்பிடவில்லை; குறைகளையும் சொல்லப்போவதால் அதுவே முறை.

இவர்களிடம் போவதற்கு முன் வேறொருவரைப் பார்த்தேன். புகாரின் நகலைக்கூட வாங்கிப் படிக்காமல், இரண்டு வாய்தாவில் முடித்துவிடலாம் என்றார். புகார் கொடுத்தவரை நேரில் சந்தித்துச் சமாதானம் பேசிவிட்டு வரும்படியும் சொன்னார். பின்னர் எனக்காக வாதாடிய வழக்கறிஞர் இதைக் கேட்டதும் செய்த முதல் காரியம், அந்தச் சந்திப்பு நடந்துவிட்டதா என்று விசாரித்ததுதான். நல்லெண்ணத்தோடு போனாலும் சாட்சியை மிரட்டினார் என்று அதைத் திருப்பிவிட முடியும், ஜாமீனே ரத்தாகலாம் என்று விளக்கினார். அதிர்ஷ்டவசமாக நான் போயிருக்கவில்லை. முடிவை முன்கூட்டியே உறுதியளிக்கும் வக்கீலிடமிருந்து விலகியது நான் எடுத்த ஒரே நல்ல முடிவு என்று இப்போது தோன்றுகிறது.

முதல் சந்திப்பில், இத்தனை ஆண்டுகளாக நான் எவ்வளவு நேர்மையாக இருந்துவந்தேன் என்று சொல்லத் தொடங்கியபோது அவர் இடைமறித்தார். “நீங்கள் நல்லவர் என்பது எனக்குத் தெரிந்து ஒன்றும் ஆகப்போவதில்லை, சார். அன்று சாயங்காலம் எந்தெந்த நேரத்தில் எங்கே இருந்தீர்கள், அதை மட்டும் சொல்லுங்கள்” என்றார். அப்போது மனம் புண்பட்டது உண்மை. ஆனால் அந்த அலுவலகத்தின் பலமே அந்தக் கேள்விதான். அன்றிரவே நடந்ததையெல்லாம் நேர வரிசைப்படி, வழக்கறிஞருக்கு எழுதும் கடிதமாக, என் கைப்பட எழுதித் தரச் சொன்னார்கள். உறுதியாகத் தெரியாத நேரங்களுக்கு எதிரே ‘தெரியவில்லை’ என்றே எழுத வேண்டும், ஊகித்து நிரப்பக் கூடாது என்றார்கள். வழக்கைப் பற்றி நண்பர்களிடமோ வாட்ஸ்அப்பிலோ ஒரு வரியும் எழுதக் கூடாது என்றும், விசாரணை அதிகாரி அழைத்தால் பெயர், முகவரிக்கு மேல் எதையும் வழக்கறிஞர் இல்லாமல் பேசக் கூடாது என்றும், படித்துப் பார்க்காத எந்தத் தாளிலும் கையெழுத்திடக் கூடாது என்றும் சொன்னார்கள்.

குற்றம் செய்யாதவன் ஏன் வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும் என்று நான் வாதாடினேன். மடியில் கனம் இல்லை என்ற தைரியத்தில் நிரபராதிதான் அதிகம் பேசுவான், அப்படிப் பேசும்போது பத்து நிமிடம் பிசகிச் சொல்லிவிட்டால் அந்தப் பிசகே பின்னாளில் பொய்யாக எழுதப்படும் என்பது அவர் தந்த விளக்கம். தனக்கு எதிராகத் தானே சாட்சி சொல்லவோ குற்றத்தை ஒப்புக்கொள்ளவோ எவரையும் கட்டாயப்படுத்தக் கூடாது என்பது 1966-இல் ஐ.நா. ஏற்றுக்கொண்ட குடிமை மற்றும் அரசியல் உரிமைகளுக்கான உடன்படிக்கையின் 14-ஆவது பிரிவிலேயே இருக்கிறது. ஆனாலும் எல்லா நாட்டிலும் மௌனத்துக்கு ஒரே மதிப்பு இல்லை. இங்கிலாந்தில் 1994-ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகு, காவல்துறை விசாரணையில் சொல்லாமல் விட்டதைப் பின்னர் நீதிமன்றத்தில் சொன்னால் அதிலிருந்து பாதகமான முடிவுக்கு வர இடமுண்டு. எதைச் சொல்வது, எதைத் தள்ளிவைப்பது என்பதை அந்த ஊர்ச் சட்டம் தெரிந்த வழக்கறிஞரோடு சேர்ந்துதான் தீர்மானிக்க வேண்டும். செய்யாத குற்றத்தை யாராவது ஒப்புக்கொள்வார்களா என்று கேட்பவர்கள், 1989-இல் நியூயார்க்கின் சென்ட்ரல் பார்க் பூங்காவில் ஒரு பெண் தாக்கப்பட்ட வழக்கில் சிக்கிய சிறுவர்களை நினைத்துப் பார்க்கலாம். பல மணி நேர விசாரணையில் பெறப்பட்ட வாக்குமூலங்களே அவர்களைச் சிறைக்கு அனுப்பின. வேறொருவர் ஒப்புக்கொண்டு, டி.என்.ஏ.வும் அவருடையதே என்று தெரிந்த பிறகு, 2002-இல்தான் அந்தத் தண்டனைகள் ரத்தாயின.

இனி, என் வழக்கைத் திருப்பிய விஷயத்துக்கு வருகிறேன். காசாளர் 6.35 மணிக்குப் பணத்தை எண்ணிப் பதிவேட்டில் எழுதிவிட்டுப் பெட்டியை வைத்திருக்கிறார். ஏழு மணிக்குப் பணம் இல்லை. நான் அந்த அறையை ஒட்டிய தாழ்வாரத்திலிருந்து வெளியேறுவதைக் கேமரா 6.44 என்று காட்டியது. அதைப் பார்த்தபோது எனக்கே என்மீது சந்தேகம் வந்துவிட்டது. ஆனால் பதினைந்து நிமிட நடைத் தொலைவிலுள்ள ஏ.டி.எம்.மில் நான் எடுத்த சீட்டில் 6.46 என்று இருந்தது. இரண்டில் ஒரு கடிகாரம் தவறு. வாதத்துக்குள் இறங்காமல் ஜூனியர் வக்கீல் அந்த நாளின் காட்சிப் பதிவை முழுவதுமாக உட்கார்ந்து பார்த்தார். கூரியர் ஊழியர் ஒருவர் பொட்டலத்தைக் கொடுத்துவிட்டு, தன் கைக்கருவியில் கையெழுத்து வாங்கும் காட்சி கேமராவில் 6.29 என்று இருந்தது. கூரியர் நிறுவனத்தின் பதிவில் அந்தக் கையெழுத்தின் நேரம் 6.10. கேமராவின் கடிகாரம் பத்தொன்பது நிமிடம் முந்தி ஓடியிருக்கிறது. அப்படியானால் நான் வெளியேறியது 6.25-க்கு, அதாவது காசாளர் பணத்தை எண்ணுவதற்கும் பத்து நிமிடம் முன்பு.

இது சாத்தியமானதற்குக் காரணம், வக்காலத்தில் நான் கையெழுத்திட்ட மறுநாளே அந்தப் பதிவை அழிக்காமல் பாதுகாக்கும்படி அவர்கள் எழுத்துமூலமாக அறிவிப்பு அனுப்பியதுதான். பெரும்பாலான கேமராக்கள் வட்டு நிறைந்ததும் பழைய காட்சிகளின்மேல் புதியவற்றை எழுதிவிடும். பல இடங்களில் சில வாரங்களுக்கு மேல் எதுவும் மிஞ்சாது. குற்றப்பத்திரிகை வரட்டும், பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்திருந்தால், அரசுத் தரப்பு வெட்டியெடுத்த இரண்டு நிமிடத் துண்டு மட்டுமே எஞ்சியிருக்கும்.

குறுக்கு விசாரணையும் இதே பாணியில்தான் அமைந்தது. ஆறே முக்கால் மணி வாக்கில் என்னைப் பார்த்ததாகச் சொன்ன சக ஊழியரை அவர் பொய்யர் என்று சொல்லவே இல்லை. எந்தக் கடிகாரத்தில் மணி பார்த்தீர்கள் என்று மட்டும் கேட்டார். தான் கடிகாரம் எதையும் பார்க்கவில்லை, கேமராவில் இருந்த நேரத்தை அதிகாரி சொல்லித்தான் கணக்கிட்டதாக அவர் பதிலளித்தார். கேள்வி கேட்கும் விதமே நினைவை மாற்றிவிடும் என்பதை உளவியலாளர் எலிசபெத் லாஃப்டஸ் 1974-இலேயே சோதனை மூலம் காட்டியிருக்கிறார்: ஒரே கார் விபத்துப் படத்தைப் பார்த்தவர்களிடம் ‘மோதின’ என்பதற்குப் பதில் ‘நொறுங்க மோதின’ என்று கேட்டபோது, அவர்கள் சொன்ன வேகம் கூடியது.

குறைகளும் சிறியவை அல்ல. கட்டணத்தை முதலில் வாய்மொழியாகவே சொன்னார்கள். நான் வற்புறுத்திக் கேட்ட பிறகே எதற்கு எவ்வளவு என்று எழுதித் தந்தார்கள். அதிலும் நகல் செலவு தனியாக வரும் என்பது இடம்பெறவில்லை. முக்கியமற்ற வாய்தாக்களுக்கு ஜூனியர் மட்டுமே வருவார் என்பதை முன்பே சொல்லியிருந்தால், நீதிமன்றத் தாழ்வாரத்தில் சீனியரை எதிர்பார்த்து நின்ற பல காலைகள் மிஞ்சியிருக்கும். எல்லாவற்றையும்விட மோசமானது, ஜாமீன் நிபந்தனைப்படி நான் காவல் நிலையத்தில் கையெழுத்திட வேண்டிய கிழமை மாறியதை எனக்குத் தெரிவிக்க மறந்ததுதான். தற்செயலாக உத்தரவின் நகலை நானே வாங்கிப் படித்ததால் தப்பினேன். தவறை ஒப்புக்கொண்டார்கள் என்றாலும், அந்த ஒரு மறதி பிடிவாரண்ட் வரை போயிருக்கும். அதன் பிறகு ஒவ்வொரு உத்தரவின் நகலையும் நானே வாங்கி வைத்துக்கொண்டேன்.

வேலையிலிருந்து இடைநீக்கம் செய்யப்பட்டதற்கு இவர்களிடம் வழி இல்லை. அதற்கு வேறு வழக்கறிஞரை நாட வேண்டியிருந்தது. கட்டணம் கட்ட வழியில்லாதவர்கள் இலவசச் சட்ட உதவியை முதல் நாளிலேயே கேட்டுப் பெறுவது நல்லது. மேலே சொன்ன உடன்படிக்கையே அதையும் உரிமையாகச் சொல்கிறது.

விடுதலையான அன்றே, புகார் கொடுத்தவர்மீது எதிர் வழக்குப் போட வேண்டும் என்று நான் கொதித்தேன். குற்றம் நிரூபிக்கப்படவில்லை என்பது வேறு, அவர் தெரிந்தே பொய் சொன்னார் என்று நிரூபிப்பது வேறு, முந்தி ஓடிய கடிகாரத்தை அவரும் நம்பியிருக்கலாம் என்று சொல்லி, புதிய வழக்கும் புதிய கட்டணமும் கிடைக்கும் வாய்ப்பை அவர்களே தள்ளிவிட்டார்கள். மறுக்க எனக்குக் காரணம் கிடைக்கவில்லை.

கோப்பைத் திருப்பித் தர மூன்று வாரமும் நான்கு தொலைபேசி அழைப்புகளும் ஆயின. உள்ளே அந்த ஏ.டி.எம். சீட்டு இருந்தது, வெப்பத்தாளில் அச்சானது என்பதால் எழுத்து முழுவதும் மங்கி வெறும் வெள்ளைத் துண்டாகிவிட்டிருந்தது. அதனுடனேயே, நான் முதன்முதலில் போன நாளின் தேதியும் ஜூனியரின் கையொப்பமும் இட்ட நகல் ஒன்று ஊசியால் குத்தி வைக்கப்பட்டிருந்தது. அதில் 6.46 தெளிவாகத் தெரிந்தது.